கைரியா இத்தா இருந்த கராஜ்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி மடவளைப் பக்கம் திரும்பும் பாதையில் முஹ்ஸின் டிரைவரின் வீடு எதுவென்று யாரைக் கேட்டாலும் கை நீட்டிக் காட்டுவார்கள். வீட்டுக்கு அடையாளமே அதன் கராஜ்தான். வீடு சின்னது, கராஜ் பெரியது. மனிதருக்கு இரண்டு அறை, வண்டிக்கு மாளிகை என்று ஊரார் கேலி பேசினார்கள். பலகைச் சுவர், தகரக் கூரை, பாதையைப் பார்த்த இரட்டைக் கதவு. பின்பக்கம் அடுப்படிக்குள் திறக்கும் ஒற்றைக் கதவு ஒன்றும் இருந்தது. அதை வெளியாட்கள் யாரும் கண்டதில்லை.

யார் வீட்டுத் தையல் மெஷின் நூலை அறுத்தாலும், யாருடைய பிரைமஸ் அடுப்பு மூச்சுத் திணறினாலும், பள்ளிவாசலில் தொழ வருகிறவர்கள் கைகால் கழுவி ஒளுச் செய்யும் தொட்டிக்குத் தண்ணீர் இறைக்கிற கைப்பம்பு வெறுங்காற்றை இறைத்தாலும், எல்லாம் அந்தக் கராஜுக்குத்தான் வந்து சேரும். இரண்டு நாள் கதவு மூடியிருக்கும். மூன்றாம் நாள் சாமான் சொஸ்தமாகித் திரும்பும். முஹ்ஸினுக்கு நல்ல கைராசி என்று சொல்லிக்கொண்டு எடுத்துப் போவார்கள்.

அந்தக் கையில் பாதி அவர் மனைவி கைரியாவின் கை என்பது ஒருவருக்கும் தெரியாது. முஹ்ஸின் பெருத்த உடம்புக்காரர். வலது தோள் வேறு மேலே எழாது. பழைய கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டத் தொடங்கிய புதிதில், அதன் அடியில் புக முடியாமல் அரைமணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, விளக்குப் பிடித்துக்கொண்டு நின்ற புதுப்பெண்ணைப் பார்த்துச் சிரித்தார். "நீ ஒருக்காப் புகுந்து பாரன் புள்ள." அது 1924. சாக்கை விரித்து மல்லாந்து உள்ளே போன கைரியா, அன்று தளர்ந்திருந்த ஒரு சுரையை, அதாவது நட்டை, முறுக்கிவிட்டு வெளியே வந்தாள். மூன்றாம் வருடம் எந்தச் சுரையை முறுக்க வேண்டும் என்று அவளே அவருக்குச் சொன்னாள். எட்டாம் வருடத்தில், அவள் போட்டதை அவர் திரும்பப் பார்ப்பதுகூட இல்லை.

பிள்ளை இல்லாத வீடு. கதவை மூடிக்கொண்டால் இருவருக்கும் பொழுது போவதே தெரியாது. மண்ணெண்ணெய் டின்னை வெட்டிக் கோழிக்குஞ்சுக்குக் கதகதப்புப் பெட்டி செய்தார்கள். உடைந்த தையல் மெஷினின் மிதிபலகையில் சாணைக்கல்லைப் பூட்டினார்கள். ரேடியேட்டர் குழாயை வளைத்து அடுப்படிக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அது ஒழுகும், ஆனால் வரும். "கதவ மூடினாப் பொறகு இது கராஜில்ல, நம்மட அடுப்படி" என்பார் முஹ்ஸின். அவர் வெட்கப்பட்டு மறைக்கவில்லை. வெளியே தெரிந்தால் ஊர் ஆறு மாதத்துக்கு வேறு பேச்சுப் பேசாது என்று பயந்தவள் கைரியாதான்.

அதனால் அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. அந்நிய ஆண் யாராவது கூட வந்தால், முஹ்ஸின் இரட்டைக் கதவில் இரண்டு தட்டுத் தட்டுவார். அவள் வண்டிக்கடியிலிருந்து நழுவி, முக்காட்டை இழுத்துவிட்டு, ஒற்றைக் கதவால் அடுப்படிக்குள் போய்விடுவாள். அவளுக்கு அவரிடம் ஏதும் சொல்ல வேண்டுமென்றால், அந்தக் கதவில் தொங்கும் அகப்பையால் மூன்று தட்டு. அதைக் கேட்டால் அவர் ஏதாவது சாக்குச் சொல்லி உள்ளே வருவார்.

1932இல், நோன்புப் பெருநாள் கழிந்து பதினைந்து நாள் இருக்கும். அன்று காலை பிரேக் மிதி தளர்ந்து கிடந்தது; மூட்டுகளைக் கழற்றிச் சரிசெய்தார்கள். அந்தக் காலத்துக் காரில் பிரேக் என்பது மிதியிலிருந்து பின்சக்கரம் வரை போகும் சில இரும்புத் தண்டுகள்தான். தண்டும் தண்டும் சேரும் இடத்தில் சுண்டுவிரல் பருமனில் ஒரு முளை. முளை கழன்று விழாதபடி அதன் நுனித் துளையில் சின்னக் கவைக்கம்பி ஒன்றைச் செருகி, இரண்டு காலையும் விரித்து மடக்கிவிட வேண்டும். ஒருமுறை கழற்றிய கவைக்கம்பி மறுமுறை உதவாது, ஒடிந்துவிடும்.

நடுப்பகல் ளுஹர் தொழுகைக்குப் பள்ளிக்குக் கிளம்பும்போது முஹ்ஸின் சொன்னார். "கம்பி டின்ல ஈக்குது. முடியப் போவுது, கண்டிக்குப் போறப்ப வாங்கி வாறேன். நீ போட்டு வை."

மூட்டு நான்கு. டின்னைக் கவிழ்த்துப் பார்த்தால் கம்பி மூன்றுதான் இருந்தது. கைரியா மூன்றையும் போட்டாள். நான்காவதுக்கு அலுமாரிக்கு மேலேயும் கீழேயும் தேடினாள். கடைக்குப் போய் வாங்கி வர அவளால் முடியாது. கராஜுக்கு வேண்டிய சாமான் எதற்கும் அவள் கடை வாசல் மிதித்ததில்லை. தலையில் கைவைத்தபோது கொண்டையூசி தட்டுப்பட்டது. பெருநாளுக்கு முஹ்ஸின் வாங்கிக்கொடுத்த தடித்த கறுப்பு ஊசி. குறடால் அளவுக்கு வெட்டி, துளையில் செருகி மடக்கினாள். மடங்கும்போது அது இலேசாக நெறிந்தது. நல்ல கம்பி நெறியாது, குழைந்து கொடுக்கும். இது அவளுக்குத் தெரியாததல்ல. வந்ததும் சொல்லிவிடுவோம், அடுத்த கம்பி வரும்வரை வண்டி எடுக்க வேண்டாம் என்று சொல்லுவோம் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து இரட்டைக் கதவில் இரண்டு தட்டு விழுந்தது.

அவள் அடுப்படிக்குள் போனாள். வந்தவர் பன்வில பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி கறுப்பையா. முனியாண்டி கோயில் பூசைக்குக் கண்டியில் சாமான் வாங்கிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் தோட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டுமாம். பாலத்தடியில் வேறு கார் இல்லையாம். முஹ்ஸின் சந்தோஷமாகப் பேசுவது கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டது. கைரியா அகப்பையைக் கையில் எடுத்தாள். தட்டினால் அவர் உள்ளே வருவார். கொண்டையூசி என்று கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். கங்காணியிடம் பயணம் இல்லையென்று சொல்ல வேண்டிவரும். ஏன் என்று அவர் கேட்பார். ஒரு பயணத்துக்குத் தாங்காதா என்ன என்று எண்ணினாள். அகப்பையை இருந்த இடத்தில் மாட்டினாள். கார் புறப்பட்டுப் போகும் சத்தம் கேட்டது.

மாலை அஸர் தொழுகை முடிகிற நேரத்தில் சேதி வந்தது. பன்விலக்கு இந்தப் பக்கம் ஓர் இறக்கத்தில் கார் வளைவில் திரும்பாமல் நேரே தேயிலைக்குள் பாய்ந்திருந்தது. முஹ்ஸின் அந்த இடத்திலேயே மவுத்தாகிவிட்டார். கங்காணிக்குக் கால் முறிந்தது.

கார் முழுக்கச் சாராய வாடை அடித்ததாம். சாமிக்குப் படைக்கக் கங்காணி வாங்கிவந்த போத்தல் உடைந்த வாடை அது. அதை அவர் பொலிசிலும் சொன்னார். கூடவே தான் கண்ட இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னார்: விழுவதற்கு முன் டிரைவர் தலை குனிந்தபடி கிடந்தார், கூப்பிட்டும் நிமிரவில்லை. பாவம், கங்காணி பொய் சொல்லவில்லை. ஆனால் ஊர் வாய்க்கு இந்த இரண்டும் போதுமாயிருந்தது. வாடையையும் குனிந்த தலையையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, முஹ்ஸின் குடித்துவிட்டு மயங்கிக் கிடந்தார் என்று மூன்றே நாளில் கதை கட்டி முடித்தார்கள். ஐந்து வேளையும் பள்ளிக்குப் போன மனிதர் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்கள் மெதுவாகச் சொன்னார்கள்.

கைரியா இத்தாவில் உட்கார்ந்தாள். கணவன் மவுத்தான பெண் நாலு மாதம் பத்து நாள் வெள்ளை உடுத்து, நகை களைந்து, வீட்டை விட்டு இறங்காமல், அந்நிய ஆணின் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். கூடத்தில் திரை கட்டினார்கள். துணைக்குத் தங்கை றலியா மடவளையிலிருந்து வந்து தங்கினாள். முஹ்ஸினின் மூத்த சகோதரர் ஹாஷிம், பாலத்தடியில் சாக்குக் கடை வைத்திருந்தவர், நொறுங்கிய காரை மாட்டில் கட்டி இழுத்துவந்து கராஜுக்குள் தள்ளிவிட்டுப் போனார். தம்பியின் முகத்தைக் கடைசியாகக் கழுவியவர் அவர்தான். அன்றிலிருந்து அவர் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை.

நாற்பதாம் நாள் மவுத்தானவருக்காகக் கத்தம் ஓத எழுபது பேருக்குச் சோறு ஆக்கினார்கள். இருபது பேர் வந்தார்கள். வந்தவர்களும் சீக்கிரமே எழுந்துவிட்டார்கள். திரைக்கு அப்பால் ஹாஷிம் தனியாக நின்று சட்டிகளை மூடும் சத்தத்தைக் கைரியா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்தக் காரக் கண்ணுல காணவும் ஏலா தங்கச்சி" என்றார் அவர், திரைக்கு வெளியே நின்று. "உங்கட இத்தா முடியட்டும். பொறகு பழைய இரும்புக்குக் குடுத்துர்றேன்."

"கொஞ்சம் பொறுங்க மச்சான்."

"என்னத்துக்குப் பொறுக்கச் சொல்றீங்க? அவன்ட பேர இது கெடுத்தது போதாதா?"

முதல் நாளிலிருந்தே கைரியாவின் நெஞ்சுக்குள் கிடந்து அறுத்தது ஒன்றுதான். வண்டிக்கடியில் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். நான்காவது முளை அதன் இடத்தில் இருந்தால் அவள்மீது பிழையில்லை. ஆனால் ஊர் சொல்வதுதான் உண்மையென்று ஆகிவிடும். முளை கழன்றிருந்தால் முஹ்ஸின் குற்றமற்றவர். அவரைக் கொன்றது அவளுடைய கை. எது வேண்டுமென்று துஆக் கேட்பது? அவளுக்குத் தெரியவில்லை. நாற்பது நாளும் அவள் ஒற்றைக் கதவைத் திறக்காமல் இருந்தது அதனால்தான்.

நாற்பத்தோராம் நாள் காலை திறந்தாள்.

"ராத்தா, இத்தாவுல ஈக்கிற பொம்பள செய்யிற வேலையா இது?" றலியா பதறினாள்.

"வீட்ட விட்டு எறங்கல்லயே புள்ள. இதுவும் வீடுதான்."

இரட்டைக் கதவு உள்ளே தாழிட்டுக் கிடந்தது. பலகை இடுக்கால் வந்த வெளிச்சம் போதும். பழைய சாக்கை விரித்து, வெள்ளைச் சீலையோடு மல்லாந்து உள்ளே போனாள். பிரேக் தண்டு ஒருபக்கம் அறுந்த கொடிபோலத் தொங்கியது. முளை இல்லை. அப்போதும் மனம் ஒத்துக்கொள்ளவில்லை. பள்ளத்தில் விழுந்த வேகத்தில் கழன்றிருக்கலாமே. எஞ்சினுக்குக் கீழே சேறு படாமலிருக்கக் கட்டியிருந்த அடித்தகரத்தில் மண் காய்ந்து இறுகிக் கிடந்தது. அகப்பைக் காம்பால் அதைச் சுரண்டிச் சுரண்டி எடுத்து, பழைய துணியில் கொட்டி, அரிசியில் கல் பொறுக்குவதுபோல விரலால் கிளறினாள். இரண்டாம் நாள் முளை கிடைத்தது. நுனித் துளையில் கொண்டையூசியின் ஒரு பாதி இன்னும் இறுகிக்கொண்டு நின்றது. மறு பாதி மடக்கிய இடத்தில் ஒடிந்திருந்தது. ஒடிந்த முகம் துருவேறியிருந்தது. பள்ளத்தில் விழுந்த வேகத்தில் கழன்றிருந்தால் வெளியே தெறித்திருக்கும்; அடித்தகரத்துக்குள் கிடந்ததால், வண்டி ஓடிக்கொண்டிருந்தபோதே அது கழன்று விழுந்தது நிச்சயம்.

அவள் அழவில்லை. றலியா வந்து பார்த்தபோது, நீட்டிய உள்ளங்கையில் முளையை வைத்துக்கொண்டு, வண்டியின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சீலை முழுவதும் கிறீஸ். விஷயம் தெரிந்ததும் றலியா அழுதாள்.

"மகாவலில போட்டுருவம் ராத்தா. யாருக்குத் தெரியப் போவுது?"

"அவரு குடிகாரனாகவே கெடக்கட்டும்ண்டு சொல்லியா?"

"மவுத்தான ஆளுக்கு ஊர்ப் பேச்சால என்ன வரப்போவுது? நீங்க ஊரோட வாழணுமே."

கைரியா ஒன்றும் தீர்மானிக்கவில்லை. அவளை வீராங்கனை ஆக்கிவிட எனக்கு ஆசை இல்லை. முளையைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டு, அவள் ஒரு மாதத்துக்கு மேல் சும்மா இருந்தாள். ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது, போனது. சோறாக்க அரிசி அள்ளும்போதெல்லாம் விரலில் அது தட்டும். மற்ற நேரத்தில் கராஜில் வேலை செய்தாள். நசுங்கிய மட்கார்டைத் தட்டி நிமிர்த்தினாள். ரேடியேட்டரின் ஓட்டையை ஈயம் வைத்து அடைத்தாள். கைக்கு வேலை இல்லையென்றால் அவளுக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

ஒருநாள் முன்வாசலில் கம்பு ஊன்றும் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கறுப்பையா கங்காணி. றலியா உள்ளே ஓடிவந்தாள். கைரியா திரைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"அம்மா, மன்னிச்சிருங்கம்மா" என்றார் கங்காணி. அவருக்கு மூச்சு வாங்கியது. "அந்தப் போத்தலு என்னோடதுன்னு நான் போற எடமெல்லாம் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். யாரும் காதுல வாங்க மாட்டேங்கிறாங்க. என்னால டிரைவரய்யாவுக்குக் கெட்ட பேரு."

கைரியா கேட்டாள். "அவரு குனிஞ்சு கெடந்தாருண்டு சொன்னீங்களே. கையி எங்க ஈந்துச்சு?"

இதை யாரும் கங்காணியிடம் கேட்டிருக்கவில்லை. "ஒரு கை ஸ்டேரிங்குல. மத்தது கீழ. கீழ என்னமோ ஒண்ணப் புடிச்சு இழுத்துக்கிட்டே இருந்தாரும்மா."

கைபிரேக். இறக்கத்தில், ஆள்பாரத்தோடு போகிற வண்டியை அது பிடிக்காது.

"காலு?"

"காலு..." கங்காணி கம்பை மாற்றி ஊன்றினார். "மிதிச்சாரும்மா. மிதிச்சாரு, மிதிச்சாரு, மிதிச்சுக்கிட்டே இருந்தாரு. நான் பின்னால இருந்து பாத்தவன், தூக்கத்துல காலு ஒதறுதுன்னுல்ல நெனச்சேன்."

அவர் போன பிறகு கைரியா அடுப்படிக்குப் போய் அரிசிப் பானைக்குள் கையைவிட்டாள். அவள் போட்டதைத் திரும்பப் பார்க்காத மனிதர், கடைசி நிமிடத்திலும் அவள் வேலையை நம்பி அந்த மிதியை மிதித்திருக்கிறார். அதன்பின் அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

மறுநாள் ஹாஷிமையும் பள்ளி நிர்வாகத்தைக் கவனிக்கிற தாஸிம் மரைக்காரையும் வரச்சொன்னாள். இருவரும் கூடத்தில் கதிரைகளில் அமர்ந்தார்கள். திரைக்குப் பின்னால் நின்று அவள் எல்லாவற்றையும் சொன்னாள். எட்டு வருடம் வண்டிக்கடியில் படுத்தது, டின்னில் மூன்று கம்பி இருந்தது, கொண்டையூசி நெறிந்தது, அகப்பையை எடுத்துவிட்டுத் தட்டாமல் மாட்டியது, ஒன்றையும் விடவில்லை. றலியா முளையைக் கொண்டுபோய் மரைக்காரின் கையில் வைத்தாள்.

மரைக்கார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார். "மகள், கவலையில பேசுறீங்க. புருசன்ட பேரக் காப்பாத்த நெனக்கிறது நல்லதுதான். அதுக்காவ இப்பிடிச் சொல்லிக்கொள்ளப் படாது. பொம்பள வண்டிக்குக் கீழ படுத்து வேலை செஞ்சாண்டு சொன்னா யாரு நம்புவாங்க?"

இதை மட்டும் கைரியா எதிர்பார்த்திருக்கவில்லை. ஏசுவார்கள், சாபம் போடுவார்கள் என்று எண்ணியிருந்தாள். குற்றத்தைக்கூட ஒரு பெண்ணின் கையிலிருந்து வாங்கமாட்டோம் என்பார்களா? அவளுக்குக் கோபம் வந்தது. கணவர் மவுத்தான நாளிலிருந்து முதல்முறையாக வந்த கோபம் அது.

"மரைக்கார், பள்ளிப் பம்பு இப்ப நல்லாத் தண்ணி எறைக்குதா?"

"எறைக்குது. முஹ்ஸின் செஞ்சு தந்தது. அஞ்சு வருசமாகுது."

"அதக் கழட்டிப் பாருங்க. உள்ளுக்கு ரெண்டு தோலு வட்டம் ஒண்டுக்கு மேல ஒண்டு ஈக்கும். அவருட பழைய சப்பாத்துத் தோலு. வெளிம்பு பிரியாம ஈக்கச் சுத்திவர நீல நூலுல தச்சீக்குது. பொத்தான் துளைக்குப் போடுற தையலு. அந்தத் தையல் போட அவருக்குத் தெரியாது. ஒங்கட ஊட்டுப் பொம்பளைகள்ட காட்டிக் கேளுங்க, அது ஆம்பளட கையாண்டு."

இருவரும் எழுந்து போனார்கள். ஹாஷிம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அஸருக்குப் பிறகு மரைக்கார் மட்டும் திரும்பிவந்தார். நனைந்த தோல்வட்டம் அவர் கைக்குட்டையில் இருந்தது. நீல நூல் சாயம் போயிருந்தது, பிரியவில்லை. அவர் உட்காரவில்லை.

"இந்தத் தண்ணியிலதான் நான் அஞ்சு வருசம் ஒளுச் செஞ்சீக்கிறேன்" என்றார். அதை அவர் யாரைக் குறை கூறிச் சொன்னாரோ தெரியாது. பிறகு சொன்னார்: "ஜும்மாவுக்குப் பொறகு சபையில சொல்றேன். பிரேக் முளை கழண்டுதான் முஹ்ஸின் மவுத்தானாருண்டு சொல்லுவன். ஊசிட கதைய விட்டுருவம். அது ஒங்களோட ஈக்கட்டும்."

கைரியா திரையைப் பிடித்துக்கொண்டாள். ஆம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்த ஒரு சொல் நாக்கு நுனி வரை வந்தது.

"பாதியச் சொன்னா ஊரு மத்தப் பாதியத் தன்ட இஷ்டத்துக்குச் சொல்லும், மரைக்கார். முழுசாவே சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை அவர் முழுதாகச் சொன்னார். குடித்த கதை அன்றோடு நின்றது. அதைப் பரப்பியவர்கள் தாங்கள் எப்போதுமே நம்பவில்லை என்று சத்தியம் செய்தார்கள். புதுக்கதை தொடங்கியது. புருசனைக் கொண்டையூசியால் கொன்றவள் என்று சிலர் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் இருவர், அவள் சரிசெய்த தையல் மெஷினில் இன்னும் தைத்துக்கொண்டிருந்தார்கள். மரைக்காரின் மனைவி ஒருநாள் வந்து, ஒன்றும் பேசாமல் கைரியாவின் பக்கத்தில் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். ஹாஷிம் வரவில்லை. இருபது நாள், முப்பது நாள், அவர் வரவேயில்லை. சாமான்களைக் கடைப்பையன் வாசலில் வைத்துவிட்டுப் போனான்.

மற்றவர்கள் பேசியதை அவள் தாங்கிக்கொண்டாள். ஹாஷிம் பேசாததைத் தாங்க முடியவில்லை.

அவள் பிரேக்கைக் கோத்தாள். தண்டுகளை நிமிர்த்தி, முளைகளைத் துடைத்து கிறீஸ் போட்டாள். மூன்று மூட்டிலும் அன்று போட்ட நல்ல கம்பிகள் அப்படியே இருந்தன. நான்காவதில் பழைய முளையை அரத்தால் சுத்தம் செய்து செருகினாள். துளையில் எதையும் போடவில்லை. போட அவளிடம் எதுவும் இல்லை. கொண்டையில் ஊசி குத்துவதையும் அவள் விட்டுவிட்டாள்.

ஆடிமாத மழை தொடங்குவதற்கு முன் இத்தா முடிந்தது. குளித்து, துஆ ஓதி, றலியா கொண்டுவந்த சாம்பல் நிறச் சீலையை உடுத்தினாள். மடவளைப் பெண்கள் வந்து போனார்கள். வெயில் ஏறும் நேரத்தில் கராஜின் இரட்டைக் கதவை யாரோ தட்டினார்கள். இரண்டு தட்டு. முஹ்ஸின் தட்டுவதுபோலவே. றலியா போய்ப் பார்த்துவிட்டு, ஹாஷிம் மச்சான் என்றாள்.

கைரியா ஒற்றைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். ஹாஷிம் உள்ளே வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். நிமிர்ந்த மட்கார்டைத் தடவினார். அவர் வந்தது காரை எடுத்துப் போகத்தான் என்று அவள் நினைத்தாள்.

"பொலிஸ்ல அவன்ட உடுப்ப அப்பயே தந்தாங்க" என்றார். "ரத்தம் பட்ட உடுப்பு. அவிழ்க்க எனக்கு மனசு வரல்ல. கட்டுன படியே பெட்டியில போட்டு வச்சேன். நீங்க அண்டக்கிச் சொன்னதுக்குப் பொறகு ஒரு நாள் அவிழ்த்துப் பாத்தேன்."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்து றலியாவிடம் கொடுத்தார். கண்டியில் மோட்டார் சாமான் கடையில் கட்டிக்கொடுக்கிற பொட்டலம். சணல்நூல் முடிச்சு அவிழ்க்கப்படவில்லை. ஒரு மூலையில் கறை காய்ந்திருந்தது. கைரியா முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். உள்ளே கவைக்கம்பிகள். இரண்டு டசின் இருக்கும். கங்காணி பூசைச் சாமான் வாங்கிய நேரத்தில் முஹ்ஸின் வாங்கியிருக்கிறார். இறக்கத்தில் மிதியை மிதித்தபோது இவை அவர் நெஞ்சோடு சட்டைப் பையில் இருந்திருக்கின்றன.

அப்போதுதான் அவள் அழுதாள். வாய்விட்டு, அடுப்படித் தரையில் உட்கார்ந்து, றலியா தூக்கியும் எழும்பாமல் அழுதாள். ஹாஷிம் கதவுக்கு அந்தப் பக்கம் அசையாமல் நின்றார்.

அழுகை அடங்கிய பிறகு அவர் சொன்னார். "ஒங்கள மன்னிச்சிட்டேன்டு சொல்ல எனக்கு ஏலா தங்கச்சி. சொன்னாப் பொய்யாப் போவும். அவன் என்ட தம்பி. ஆனா இது ஒங்களுக்காவ வாங்கினது. என்ட பெட்டியில ஈக்கிறது சரியில்ல."

"வண்டிய இரும்புக்குக் குடுக்கவா போறீங்க?"

"அது ஓடுமா?"

கைரியா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஹாஷிம் பாதைப் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டார். அவள் சாக்கை விரித்து வண்டிக்கடியில் புகுந்தாள். பொட்டலத்திலிருந்து ஒரு கம்பியை எடுத்து நான்காவது முளையின் துளையில் செருகினாள். குறடால் இரண்டு காலையும் விரித்து மடக்கினாள். அது நெறியவில்லை. விரலால் இரண்டுமுறை தடவிப் பார்த்தாள். பிறகு நழுவி வெளியே வந்து, அடுப்படிக்குள் போய் ஒற்றைக் கதவைச் சாத்தினாள். அகப்பை அதன் இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

"மச்சான்!" என்று கதவுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டாள். பாதையில் போகிறவர்களுக்கும் கேட்கிற குரல். "வண்டியில ஏறி பிரேக்க மிதிங்க!"

ஹாஷிம் ஏறி உட்காரும் சத்தம் கேட்டது. மிதி கொஞ்சதூரம் இறங்கி, டக்கென்று நின்றது.

"இன்னொருக்கா மிதிங்க. நல்லா, முழுப் பலத்தோட!"

மிதித்தார். தகரக் கூரை அதிர, வண்டி முழுவதும் ஒருமுறை குலுங்கி நின்றது.

"புடிக்குது" என்றார் ஹாஷிம்.

அவள் காத்திருந்தாள். அவர் இறங்கவில்லை. தம்பி உட்கார்ந்த இடத்தில், மிதியிலிருந்து காலை எடுக்காமல், அவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.